காந்தம் வராவிட்டால் வண்டி நகராது: விநியோகச் சங்கிலிச் சட்டங்கள் எந்தக் கண்ணியைத் தொடுகின்றன?

2025 ஏப்ரல் 4 அன்று சீன வர்த்தக அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சமேரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய ஏழு அரிய மண் தனிமங்களையும், அவை கலந்த காந்தங்களையும் இனி உரிமம் பெற்றுத்தான் ஏற்றுமதி செய்ய முடியும் என்றது. இந்திய வாகனத் துறை அடுத்த சில வாரங்களிலேயே கையிருப்பை எண்ண ஆரம்பித்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் என்று வாகன ஆலைகள் சூழ்ந்த சென்னைக்கு இது வெளிநாட்டுச் செய்தியல்ல.

அதன்பிறகு செய்திகள் குவிந்தன. கனிமச் சட்டத் திருத்தம், 7,280 கோடி ரூபாய் காந்தத் திட்டம், முக்கியக் கனிம இயக்கம், ஐரோப்பியச் சட்டம், அமெரிக்க ஒப்பந்தம் என எல்லாவற்றுக்கும் ‘விநியோகச் சங்கிலியை வலுப்படுத்துதல்’ என்ற ஒரே பெயர்தான். ஆனால் இவை ஒவ்வொன்றும் சங்கிலியின் வெவ்வேறு கண்ணியைத் தொடுகின்றன. சில கண்ணிகளை இன்னும் எதுவுமே தொடவில்லை. காந்தத்தை உதாரணமாக வைத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும்.

மணலிலிருந்து மோட்டார் வரை

மின்வாகன மோட்டாரில் இருப்பது பெரும்பாலும் நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தம். எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் அரிய மண் உலோகம், மீதி பெரும்பாலும் இரும்பு. ஒரு மின்காரின் மோட்டாருக்கு 1 முதல் 2 கிலோ தேவைப்படும். பெட்ரோல் காரிலும் பவர் ஸ்டீயரிங் மோட்டார், சென்சார்கள், ஸ்பீக்கர் ஆகியவற்றில் இது உண்டு. தயாரிப்பு நடக்கும் வரிசை:

1. கடற்கரைத் தாதுமணலை அள்ளி, எடை, காந்தத்தன்மை, மின்கடத்தும் தன்மை ஆகிய வேறுபாடுகளை வைத்து இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் என்று பிரிப்பது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் பொதுத்துறை நிறுவனமான ஐஆர்இஎல் இதைத்தான் செய்கிறது.

2. மோனசைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து உடைப்பது. பாஸ்பேட் தனியே போகும். தோரியத்தையும் இங்கேதான் பிரிக்க வேண்டும்.

3. கலந்து கிடக்கும் அரிய மண் தனிமங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது. வேதிக்குணத்தில் இவை அண்ணன் தம்பிபோல ஒத்தவை. ஒருமுறை கரைப்பானில் கலக்கிப் பிரித்தால் மிகச் சிறிய அளவே விலகும். அதனால் அதே வேலையைத் தொட்டி தொட்டியாக நூற்றுக்கணக்கான கட்டங்கள் செய்ய வேண்டியிருக்கும். இதன் முடிவில் கிடைப்பது ஆக்சைடு.

4. ஆக்சைடை உருகிய ஃபுளோரைடு உப்பில் போட்டு, 1,000 டிகிரிக்கு மேலான வெப்பத்தில் மின்னாற்பகுத்து உலோகமாக்குவது.

5. உலோகத்தை இரும்பு, போரானோடு உருக்கி மெல்லிய தகடாக வார்த்து, ஹைட்ரஜன் செலுத்தி நொறுக்கி, 3 முதல் 5 மைக்ரான் தூளாக அரைப்பது. இந்தத் தூள் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும். ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்தாலும் காந்தம் தன் வலுவைத் தக்கவைக்கும் திறன் சரியும். புதிய ஆலைகள் அதிகம் தடுமாறும் கட்டம் இதுதான்.

6. தூளைக் காந்தப்புலத்தில் வைத்து அழுத்தி, 1,050 டிகிரியையொட்டிச் சுட்டு, வெட்டி, நிக்கல் அல்லது எபாக்ஸி பூசி, கடைசியில் காந்தமேற்றுவது.

சுரங்கத்தில் சீனாவின் பங்கு சுமார் 60 சதவீதம். பிரித்துச் சுத்திகரிப்பதில் சுமார் 90 சதவீதம். காந்தத்தில் அதற்கும் மேல். அதாவது பிடி இருப்பது மண்ணில் அல்ல, 3 முதல் 6 வரையிலான கட்டங்களில். ‘நம்மிடம் மணல் இருக்கிறதே, பிறகென்ன?’ என்ற கேள்விக்கு இதுவே பதில்.

ஏப்ரல் விதி இன்னும் நீங்கவில்லை

2025 அக்டோபர் 9 அன்று சீனா மேலும் ஐந்து தனிமங்களைப் பட்டியலில் சேர்த்தது. நவம்பரில் அந்த அக்டோபர் அறிவிப்புகளை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது. ‘தடை நீங்கிவிட்டது’ என்று பரவிய செய்தி இதைப் பற்றியது. ஏப்ரல் மாத உரிம முறையை அந்த நிறுத்திவைப்பு தொடவில்லை.

அந்த முறையில் நம் ஊர் இறக்குமதியாளர், காந்தம் எந்தப் பொருளில் யாருக்காகப் பயன்படப்போகிறது என்று இறுதிப் பயன்பாட்டுச் சான்று தர வேண்டும். ராணுவப் பயன்பாட்டுக்குப் போகாது என்ற உறுதிமொழியும் அதில் இருக்க வேண்டும். இந்திய அரசு, சீனத் தூதரகம் ஆகியவற்றின் ஒப்புதலுக்குப் பிறகு அது சீன விற்பனையாளரிடம் போகும். அவர் தம் மாகாண வர்த்தகத் துறை வழியாகப் பெய்ஜிங்குக்கு விண்ணப்பிப்பார். பரிசீலனைக் காலம் 45 வேலை நாட்கள், அதாவது காலண்டர் கணக்கில் ஏறத்தாழ ஒன்பது வாரம். ஒரு மாதக் கையிருப்போடு ஓடும் தொழிற்சாலை இதைத் தாங்காது.

காந்தத்தைத் தனியாகக் கொண்டுவந்தால்தான் இந்த உரிமம் வேண்டும். முழு மோட்டாருக்குள் பொருத்தி வந்தால் பெரும்பாலும் தேவைப்படாது. எனவே காந்தம் வாங்கி இங்கே மோட்டார் கட்டியவர்கள், கட்டிய மோட்டாரையே இறக்குமதி செய்யத் தள்ளப்படுகிறார்கள். வண்டி ஓடும். ஆனால் காயில் சுற்றுதல், ரோட்டார் கோத்தல், சோதித்தல் என்று இங்கிருந்த வேலை அங்கே போய்விடும். விநியோகச் சங்கிலி நெருக்கடியில் உண்மையான இழப்பு இந்த இடத்தில் நடக்கிறது, இதைப் பற்றிய பேச்சுதான் குறைவு.

சட்டம், திட்டம், அறிவிக்கை

நாடாளுமன்றம் நிறைவேற்றுவது சட்டம். அது உரிமையையும் கடமையையும் உருவாக்கும், மாற்ற வேண்டுமானால் மீண்டும் நாடாளுமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அமைச்சரவை ஒப்புதலோடு பணம் ஒதுக்குவது திட்டம். அதற்குக் காலக்கெடு உண்டு, கெடு முடிந்தால் அதுவும் முடியும். அமைச்சகம் விதியைத் திருத்தியோ விலக்களித்தோ வெளியிடுவது அறிவிக்கை அல்லது அலுவல் குறிப்பாணை. மூன்றில் மிக வேகமானதும், மக்கள் கவனத்துக்கு மிகக் குறைவாக வருவதும் இந்தக் கடைசி வகை.

இத்துறையில் உலக நாடுகளின் நடவடிக்கைகளைப் பார்த்தால் நான்கு கருவிகள் தென்படுகின்றன: யார் எதை நம்பியிருக்கிறார்கள் என்று அறிவது, சேமித்துவைப்பது, உற்பத்திக்கு வழிவிடுவது, விலையைத் தாங்கிப்பிடிப்பது.

அறிவதில் ஐரோப்பிய ஒன்றியம் முன்னே நிற்கிறது. 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த அதன் முக்கிய மூலப்பொருள் சட்டம், மின்வாகனம், மின்கலம், காற்றாலை போன்றவற்றைச் செய்யும் பெருநிறுவனங்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது தங்கள் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து, ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்கிறது. 2030-க்கு இலக்குகளும் வைத்திருக்கிறது: ஆண்டுத் தேவையில் 10 சதவீதம் உள்நாட்டுச் சுரங்கத்திலிருந்து, 40 சதவீதம் உள்நாட்டுச் சுத்திகரிப்பிலிருந்து, 25 சதவீதம் மறுசுழற்சியிலிருந்து. எந்தக் கட்டத்திலும் ஒரே வெளிநாட்டை 65 சதவீதத்துக்கு மேல் நம்பக் கூடாது. முன்னுரிமைத் திட்டங்களுக்கான அனுமதிக்கும் கெடு உண்டு: சுரங்கத்துக்கு 27 மாதம், சுத்திகரிப்புக்கும் மறுசுழற்சிக்கும் 15 மாதம்.

சேமிப்பில் ஜப்பான் பழைய கை. அரிய உலோகங்களை அது 1983 முதலே இருப்பு வைத்துவருகிறது. 2010-இல், ஜப்பானும் சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவருகே நடந்த படகு மோதலுக்குப் பின் சீனா அரிய மண் அனுப்புவதை இறுக்கியபோது, அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்தில் ஜப்பான் முதலீடு செய்தது. 2022-இல் பொருளாதாரப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, நிலைக் காந்தத்தையும் ‘குறிப்பிட்ட முக்கியப் பொருட்கள்’ பட்டியலில் வைத்தது. இத்தனை ஆண்டு உழைப்புக்குப் பிறகும் சீனாமீது ஜப்பானின் சார்பு சுமார் 90 சதவீதத்திலிருந்து சுமார் 60 சதவீதத்துக்குத்தான் இறங்கியிருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டில் விடுபட்டுவிடலாம் என்று யார் சொன்னாலும் இந்தக் கணக்கை நினைவில் வைப்பது நல்லது.

இந்தியா எடுத்த அடிகள்

அடிப்படை, 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம். அதன் மேல் சமீபத்தில் வந்தவை:

1. 2023 சட்டத் திருத்தம். லித்தியம், பெரிலியம், டைட்டானியம், நயோபியம், டான்டலம், சிர்கோனியம் ஆகியவற்றின் தாதுக்களை அணுக் கனிமப் பட்டியலிலிருந்து எடுத்தது. 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கே தந்தது. வருவாயும், உரிமப் பத்திரம் வழங்கும் பொறுப்பும் மாநிலத்துக்கு.

2. 2025 ஜனவரி 29-இல் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற தேசிய முக்கியக் கனிம இயக்கம். மதிப்பு 16,300 கோடி ரூபாய். பொதுத்துறை நிறுவனங்கள் இன்னும் 18,000 கோடி போடும் என்பது எதிர்பார்ப்பு. கனிம இருப்புக் கிடங்கும் இதன் நோக்கங்களில் ஒன்று.

3. 2025 ஆகஸ்ட் சட்டத் திருத்தம். ஏற்கெனவே குத்தகையில் உள்ள சுரங்கத்தில் முக்கியக் கனிமம் தென்பட்டால், கூடுதல் தொகையின்றிச் சேர்த்து எடுக்கலாம். கனிமத் தேடல் ஆய்வுக்கான அறக்கட்டளைக்கு ராயல்டியில் 2 சதவீதமாக இருந்த பங்களிப்பு 3 சதவீதமானது.

4. 2025 செப்டம்பரில் மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை.

5. 2025 நவம்பர் 26-இல் காந்தத் திட்டம், 7,280 கோடி ரூபாய். அதில் 6,450 கோடி விற்பனையோடு இணைந்த ஊக்கத்தொகை, 750 கோடி மூலதன மானியம். ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் இலக்கு. அதிகபட்சம் ஐந்து நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் 1,200 டன் வரை. ஆலை கட்ட இரண்டாண்டு, ஊக்கத்தொகை ஐந்தாண்டு.

மேலே சொன்ன ஆறு கட்டங்களில் இவற்றைப் பொருத்திப் பாருங்கள். சட்டத் திருத்தங்கள் முதல் கட்டத்தைத் தொடுகின்றன. காந்தத் திட்டம் ஆக்சைடிலிருந்து தொடங்கி 4, 5, 6-ஐத் தொடுகிறது. 2-உம் 3-உம் ஐஆர்இஎல் என்ற ஒரே பொதுத்துறை நிறுவனத்தின் தோளில் இருக்கின்றன. அதற்குக் காரணம் தோரியம். கடற்கரை மணலின் கனத் தாதுக்களில் மோனசைட் கொஞ்சமேனும் இருந்தால் அது அரசு நிறுவனத்துக்கே என்று 2019-இல் விதி மாறியது. அணுப்பொருள் பாதுகாப்பு கருதி எடுத்த அந்த முடிவு நியாயமானது. ஆனால் அதன் விளைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

6,000 டன் காந்தத்துக்கு எவ்வளவு மோனசைட்?

6,000 டன்னில் 30 சதவீதம் என்றால் 1,800 டன் உலோகம். நியோடிமியம் ஆக்சைடில் உலோகம் சுமார் 86 சதவீதம் என்பதால் 2,100 டன் ஆக்சைடு. வெட்டும்போதும் தேய்க்கும்போதும் ஐந்தில் ஒரு பங்கு துகளாகப் போவதாக வைத்தால் 2,600 டன். 100 கிலோ மோனசைட்டில் அரிய மண் ஆக்சைடு 55 கிலோவையொட்டி இருக்கும், அதில் காந்தத்துக்கு உதவும் நியோடிமியமும் பிரசியோடிமியமும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கையொட்டி. கையில் கிடைப்பது 11, 12 கிலோ. ஆக, ஆண்டுக்கு 22,000 டன்னுக்கும் மேல் மோனசைட்டை உடைக்க வேண்டும். அதனுடன் 8 முதல் 10 சதவீதம் தோரியம் ஆக்சைடு, அதாவது ஆண்டுக்கு 2,000 டன்னையொட்டி, வந்துசேரும். அதைப் பாதுகாப்பாக வைக்க இடமும் ஏற்பாடும் வேண்டும்.

நாட்டில் மோனசைட் இருப்பு சுமார் 1.3 கோடி டன் என்று அரசு மதிப்பிட்டிருக்கிறது. எனவே தட்டுப்பாடு மண்ணில் இல்லை. இன்று ஐஆர்இஎல் எடுக்கும் நியோடிமியம் ஆண்டுக்குச் சில நூறு டன். பிரிக்கும் தொட்டிகளைப் பெருக்காமல் காந்த ஆலைகள் மட்டும் வந்தால், அவை ஆக்சைடை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கும். சார்பு தீராது, ஒரு கட்டம் பின்னே நகரும்.

இரண்டாவது சிக்கல் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும். மோட்டார் சூடேறும்போது காந்தம் வலுவிழக்காமல் இருக்க இவற்றைச் சிறிது சேர்க்கிறார்கள். நம் மோனசைட்டில் இவை எடுக்கத்தக்க அளவில் இல்லை. சுரங்கச் சட்டம் எதுவும் இதைத் தீர்க்காது. வெளிநாட்டுச் சுரங்கத்தில் பங்கு வாங்குவது, பழைய மோட்டார்களிலிருந்து மீட்பது, இவை குறைவாகத் தேவைப்படும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது ஆகிய மூன்று வழிகள்தான் உண்டு. மறுசுழற்சிக்கு ஒதுக்கிய 1,500 கோடியின் அருமை இங்கே தெரியும். அதை இன்னும் பெரிதாக்கியிருக்கலாம்.

விலை சரிந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் மவுன்டன் பாஸ் சுரங்கத்தை நடத்திய மோலிகார்ப் நிறுவனம் 2015-இல் திவாலானது. 2010-11 நெருக்கடியில் விலை ஏறியபோது பெரும் முதலீடு செய்தார்கள், பிறகு விலை விழுந்தது, கடன் நின்றது. மாற்று ஆலை தயாராகும் நேரத்தில் விலை சரிவது இந்தச் சந்தையில் அபூர்வமல்ல. சரிக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடக்கூடத் தேவையில்லை, சீன ஆலைகளின் அளவே போதும்.

அதனால்தான் 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, அதே சுரங்கத்தை இப்போது நடத்தும் எம்பி மெட்டீரியல்ஸோடு செய்த ஒப்பந்தத்தில், நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குக் கிலோவுக்கு 110 டாலர் என்று பத்தாண்டுக்கு அடிவிலை வைத்தது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு தரும். விவசாயிக்குப் புரியும் மொழியில் சொன்னால், குறைந்தபட்ச ஆதரவு விலை.

நம் காந்தத் திட்டத்தில் இருப்பது விற்றால் கிடைக்கும் ஊக்கத்தொகை. இதில் அடிவிலையும் இல்லை, இந்தியக் காந்தத்தை இத்தனை சதவீதம் வாங்கியே ஆக வேண்டும் என்று வாகன நிறுவனங்களுக்குக் கட்டாயமும் இல்லை. ஐந்தாண்டு ஊக்கத்தொகை முடிந்தபின் சீனக் காந்தம் மலிவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டத்தில் விடை கிடையாது. இதுவே இன்றைய அமைப்பின் மிகப் பெரிய ஓட்டை.

அரிட்டாபட்டியும் கிள்ளியூரும்

2023 திருத்தத்தின்படி மத்திய அரசு நடத்திய ஏலத்தில், மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தின் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி 2024 நவம்பரில் ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனது. பரப்பு 2,015 ஹெக்டேர். அதற்குள் அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தின் 193 ஹெக்டேரும் இருந்தது. மக்கள் போராடினார்கள், டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது.

டங்ஸ்டன் தேவையற்ற உலோகம் அல்ல. அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் சிஎன்சி மெஷினில் உலோகம் வெட்ட மாட்டும் கார்பைடு இன்சர்ட் என்ற வெட்டுமுனை டங்ஸ்டனால் ஆனது. 2025 பிப்ரவரியில் சீனா அதற்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தேவை உண்மைதான், பிழை வரிசையில் இருக்கிறது. ஏலம் முதலில், ஊரைக் கேட்பது பிறகு. சுற்றுச்சூழல் அனுமதிக் கட்டத்தில்தான் கருத்துக்கேட்பு வரும், அதற்குள் ஏலதாரர் பணத்தைக் கட்டியிருப்பார், ஊர் தெருவில் இறங்கியிருக்கும்.

2025 செப்டம்பர் 8-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் எதிர்த்திசையில் போனது. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் ஆகியவற்றின் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து குறிப்பாணை மூலம் விலக்களித்தது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் தாதுமணல் எடுக்கும் ஐஆர்இஎல் திட்டத்தை மீனவக் கிராமங்கள் எதிர்த்துவரும் வேளையில் இது வந்தது. கதிர்வீச்சு பற்றியும் கடலரிப்பு பற்றியும் அவர்களுக்கு அச்சம் உண்டு. அந்தக் கேள்விகளுக்கு அளவீட்டோடு பதில் சொல்லும் ஒரே சட்டபூர்வ மேடை கருத்துக்கேட்புக் கூட்டம். அதை மூடினால் சில மாதங்கள் மிச்சமாகலாம், நீதிமன்றத்திலும் போராட்டத்திலும் ஆண்டுகள் போகும். சங்கிலியின் முதல் கண்ணி ஊர் மக்களின் சம்மதத்தில் நிற்கிறது என்பதை நாயக்கர்பட்டி ஏற்கெனவே காட்டிவிட்டது.

சிறு உதிரிபாக நிறுவனங்கள் இப்போது செய்யக்கூடியவை

மூலப்பொருளுக்கு யாரை நம்பியிருக்கிறோம் என்ற சார்பு ஆய்வை இந்தியாவில் முக்கியக் கனிம இயக்கமோ காந்தத் திட்டமோ வாகன நிறுவனங்கள்மேல் கடமையாக வைக்கவில்லை. எனவே இரண்டாம், மூன்றாம் அடுக்கு வெண்டார்கள் தாமே செய்துகொள்ள வேண்டும்.

1. பாகப் பட்டியலில் காந்தம் உள்ள ஒவ்வொரு உருப்படிக்கும் கிரேடை, அதாவது தாங்கும் வெப்பத்தை எழுத்துப் பின்னொட்டால் காட்டும் தரக் குறியீட்டைக் குறியுங்கள். பின்னொட்டு இல்லாத சாதாரண கிரேடு 80 டிகிரி வரை, எம் 100, ஹெச் 120, எஸ்ஹெச் 150, யுஹெச் 180 டிகிரி வரை தாங்கும். மேலே போகப் போக டிஸ்ப்ரோசியம் கூடும்.

2. ஏப்ரல் விதி பிடிப்பது டிஸ்ப்ரோசியம் அல்லது டெர்பியம் உள்ள நியோடிமியம் காந்தத்தையும், சமேரியம்-கோபால்ட் காந்தத்தையும். இவை கலக்காத கிரேடு உங்கள் வெப்பநிலைக்குப் போதுமா என்று வாடிக்கையாளரின் வடிவமைப்புப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வரைபடத்தில் உயர்ந்த கிரேடு போடுவது பரவலான வழக்கம்.

3. விதியில் வராத காந்தத்துக்கும் தனிம அளவு காட்டும் வேதிப் பகுப்பாய்வு அறிக்கையைச் சரக்கோடு அனுப்பச் சொல்லுங்கள். அது இல்லாத சரக்கு சீன சுங்கத்தில் சோதனைக்காக நின்றுவிடக்கூடும்.

4. இறுதிப் பயன்பாட்டுச் சான்றில் நிறுவனப் பெயர், பாக எண், அளவு, கடைசிப் பயனாளி ஆகியவை கொள்முதல் ஆணையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். வேறுபாடு இருந்தால் விண்ணப்பம் திரும்பிவந்து 45 வேலை நாட்கள் மறுபடி தொடங்கலாம்.

5. சீலிங் ஃபேன், சிறு பம்பு போன்றவற்றில் ஃபெரைட் காந்தத்துக்கு மாற முடியுமா என்று பாருங்கள். அதன் ஆற்றல் நியோடிமியத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்று என்பதால் மோட்டார் பெரிதாகும், ரோட்டார் வடிவமும் மாறும். புதிய டையும் சோதனையும் வேண்டியிருப்பதால் ஒரு காலாண்டில் முடிகிற காரியமில்லை.

6. மூன்று மாத இருப்பு வைப்பதானால் காந்தமேற்றாத நிலையில் வாங்கி, ஈரம் புகாத பையில் உலர்த்தியோடு வையுங்கள். பூச்சு கீறினால் துரு உள்ளே பரவும். இருப்பில் முடங்கும் பணத்துக்கு வட்டி யார் தருவது என்பதை விலைப்பேச்சிலேயே முடித்து, உரிமத் தாமதத்தால் சப்ளை நின்றால் அபராதம் இல்லை என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.